செட்டிநாட்டு வெயிலில் மண்ணில்லாத் தோட்டம்: ஒரு வாளியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் உரத்தண்ணீரில் செடி வளர்ப்பது) போட ஆசைப்படுகிற பலர் நேராக மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். வெள்ளை பிவிசி பைப், அதில் வரிசையாக ஓட்டை, ஒரு மோட்டார், மேலே பச்சைப் பசேலென்று லெட்யூஸ் என்று ஒரு படத்தைப் பார்த்ததும் கிட் ஆர்டர் போட்டாகிவிடும். அந்தப் படம் எடுத்த ஊரின் வெயில் வேறு. இங்கே பங்குனி பிறந்துவிட்டால் மாடியில் கிடக்கிற பைப்புக்குள் ஓடும் தண்ணீர் வெந்நீராகிவிடும், வேர் அதில் தாக்குப்பிடிக்காது. அதனால் கிட் பற்றிக் கடைசியில்தான் பேசப் போகிறேன். முதலில் இடம், அப்புறம் தண்ணீர், அப்புறம் ஒரே ஒரு வாளி. வாளியில் கீரை பறித்துச் சமைத்த பிறகு மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

வேருக்கு ஏன் குளிர்ச்சி வேண்டும்

மண்ணில் நிற்கிற செடிக்கு மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று போதும். தண்ணீரில் நிற்கிற வேருக்கு அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன்தான் மூச்சு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏறினால் வேர் இன்னும் வேகமாக மூச்சு விடும் என்பதால் தேவை கூடுகிற அதே நேரத்தில் இருப்பு குறைகிறது. 28, 30 டிகிரியைத் தாண்டியதும் பித்தியம் என்கிற வேரழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். காலையில் நன்றாக இருந்த செடி, வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் மத்தியானம் வாடி நிற்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புத்தகங்களில் 18 முதல் 24 டிகிரி என்று போட்டிருக்கும். குளிரூட்டும் கருவி வாங்காமல் நம் ஊரில் அது கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் ஓரளவு சாத்தியம். மற்ற மாதங்களில் 28-க்குள் நிறுத்தினாலே போதும், அதுவும் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். மீன் தொட்டிக் கடையில் விற்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வாளிக்குள் போடுங்கள். இருநூறு வகைக் கருவிகளை விட அது உபயோகம்.

எங்கே வைப்பது

கீரை வகைகளுக்கு நேரடி வெயில் ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வேண்டும், அது காலை வெயிலாக இருந்தால் ரொம்ப நல்லது. மாடியில் பத்து மணி நேரம் அடிக்கிற வெயில் இலைக்குப் பரவாயில்லை, தண்ணீருக்கு ஆகாது.

பழைய வீடு என்றால் முற்றம் ஒரு வரம். சுற்றிலும் வளவு (முற்றத்தைச் சுற்றிய கூரையுள்ள பகுதி), நிழல், காற்றோட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே கம்பி வலை போட்டிருந்தால் காக்கை, குரங்குத் தொல்லையும் இல்லை. முற்றத்தில் எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்குப் பக்கத்துக் கூரை நிழல் முற்றத்தில் விழும், வெயில் வடக்கு ஓரத்தில் அடிக்கும். வாளிகளை அந்த வடக்கு ஓரத்தில் வையுங்கள். சித்திரைக்கு அப்புறம் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் இறங்கும், அப்போது முற்றத்தின் ஓரங்களில் எங்கே பதினொரு மணிக்கு மேல் நிழல் விழுகிறதோ அங்கே நகர்த்திவிடுங்கள். வாளியின் வசதியே இதுதான், பைப்பை நகர்த்த முடியாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கல் சிமென்ட்டில் செய்தது. பிஎச் (தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்கிற அளவு) குறைக்க நாம் பயன்படுத்தப் போகிற அமிலம் ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு போய் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும், சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கும் அதே கதி. உரம் கலக்குகிற வேலை முழுவதையும் பின்கட்டில், கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்.

மாடியைத் தவிர வேறு இடமே இல்லாதவர்கள் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டி, வாளியைத் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல் மரப்பலகையிலோ செங்கல்லிலோ தூக்கி வைத்து, மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவரோ ஒரு பழைய கோணியோ மறைப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை முதலில் அளந்துவிடுங்கள்

சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிக் காரைக்குடிக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நியாயம்தான். ஆனால் நாக்குக்குத் தெரிகிற ருசி வேறு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் கணக்கு வேறு, அதிலும் உங்கள் வீட்டு போர் தண்ணீர் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. அந்த உப்பை அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கி வீட்டில் வருகிற எல்லாத் தண்ணீரையும் அளந்து எழுதி வையுங்கள்.

என் கணக்கு இப்படி: பேனா காட்டுகிற எண் 300-க்குக் கீழே இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். 300-லிருந்து 600 வரை என்றால் மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். 800-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீரில் நாம் உரத்தைப் போடப் போட வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் போகும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், சிக்கனம் என்று அதை ஊற்றிவிடாதீர்கள். ஊருணித் தண்ணீரும் வேண்டாம், அதில் பாசியும் வேரழுகல் கிருமிகளும் இலவசமாக வரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் அடித்தால் ஓர் இரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

இருப்பதிலேயே நல்லது மழைத்தண்ணீர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது, அதற்கு வெகு காலம் முன்பே ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்கிய வீடுகள் இவை. ஐப்பசி மழையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு (ஓட்டிலிருக்கும் தூசி, பறவை எச்சம் எல்லாம் கழுவிப் போகட்டும்) அதற்கப்புறம் ஒரு மூடிய கறுப்புத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால் மாசி வரைக்கும் நாலைந்து வாளிக்குத் தாராளமாக வரும். வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடும்.

எந்த முறை

மண்ணில்லாமல் செடி வளர்க்கிற வித்தையைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெரிக்கி என்பவர் 1930-களில் பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்துக் காட்டிப் பிரபலமாக்கினார். அதற்கப்புறம் எத்தனையோ முறைகள். தொடங்குகிறவருக்கு அதில் ஒன்றே ஒன்று போதும்: ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி உருவாக்கிய, மோட்டாரும் மின்சாரமும் இல்லாத முறை.

அதன் சூத்திரம் எளிது. மூடியில் ஓட்டை போட்டு அதில் வலைக்கிண்ணம் வைத்து, கிண்ணத்தின் அடி மட்டும் உரத்தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் நனைகிற மாதிரி நிரப்ப வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் மட்டம் இறங்கும், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈரக்காற்று நிற்கும். மேலே இருக்கிற வேர் அந்தக் காற்றில் மூச்சு விடும், கீழே தொங்குகிற வேர் தண்ணீரும் உரமும் எடுக்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரைக்கும் மின்சாரத்தை நிறுத்தினாலும் இந்தச் செடிக்கு ஒன்றும் ஆகாது. அதே நாளில் பைப் முறையில் இருக்கிற செடியின் வேர், தண்ணீர் ஓட்டம் நின்று, இரண்டு மூன்று மணி நேரத்தில் காய ஆரம்பித்துவிடும்.

பாத்திரம்

எனக்குப் பிடித்தது தெர்மாகோல் பெட்டி. மருந்துக் கடை, பழக்கடைகளில் கேட்டால் கிடைக்கும், மீன் கடையில் ஐஸ் போட்டு வருகிற பெட்டி இன்னும் கெட்டியாக இருக்கும், ஆனால் நாலு முறை தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டாலும் வாசம் சட்டென்று போகாது, வீட்டில் பேச்சு வாங்குவது உங்கள் பாடு. சூட்டை உள்ளே விடாததால் நம் வெயிலுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. உள்ளே கறுப்பு பாலிதீன் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒழுகாது. மூடியில் கத்தியாலேயே ஓட்டை போட்டுவிடலாம்.

அடுத்தது 20 லிட்டர் வாளி. கல்யாணச் சமையல்காரர்களிடமும் மெஸ்களிலும் ஊறுகாய், எண்ணெய் வந்த பிளாஸ்டிக் வாளிகள் கிடைக்கும். பெயிண்ட் வாளி என்றால் தண்ணீரில் கரைகிற எமல்ஷன் வந்த வாளியாகப் பார்த்து எடுத்து நன்றாகக் கழுவுங்கள், ஆயில் பெயிண்ட் டப்பா வேண்டாம். வெளிச்சம் ஊடுருவினால் உள்ளே பாசி பிடிக்கும், அதனால் வெளியே முதலில் கறுப்பு, அதற்கு மேல் வெயிலைத் திருப்பி அடிக்க வெள்ளை என்று இரண்டு பூச்சு. மூடியில் இரண்டு அங்குல ஓட்டை நான்கு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி.

இந்த ஊரில் மட்டும் சொல்ல வேண்டிய ஒரு விஷயம்: பித்தளை அண்டா, செம்புக் குடம் எதிலும் உரத்தண்ணீரை ஊற்றாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய அண்டா வாங்கிச் செடி வைக்கத் தோன்றும். உரத்தண்ணீர் லேசான புளிப்புள்ளது, அதில் செம்பும் துத்தநாகமும் கரைந்து வேரைக் கொன்றுவிடும். மண்பானையும் தள்ளுபடிதான், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் பானை வழியே கசிகிற நீர் ஆவியாகி உப்பு உள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் கரைசல் கடுமையாகும். பழைய பீங்கான் ஜாடி இருந்தால் அது பரவாயில்லை.

வலைக்கிண்ணத்துக்குள் செடியைப் பிடித்து நிறுத்த ஸ்பாஞ்ச் துண்டு, அதைச் சுற்றிச் சுட்ட களிமண் உருண்டை. தென்னைநார்க் கழிவை இதில் போட்டால் துகள் கீழே கொட்டித் தண்ணீர் கலங்கும், அதைத் தக்காளிக்கு வைத்துக்கொள்வோம்.

உரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

உரக்கடையில் கேட்டால் முதலில் நீட்டுவது 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்). தண்ணீரில் நன்றாகக் கரையும், மலிவு, ஆனால் இதற்கு ஆகாது. அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது, மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிக் கொடுக்கும், நம் வாளியில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. மேலும் அதில் கால்சியமும் மெக்னீசியமும் கிடையாது.

சோம்பல் பார்க்கிறவர்கள் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கிற கரைசலை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை, ஒரு வாளிக்கு அதுவே லாபம். நாலைந்து வாளி ஆகும்போது வீட்டிலேயே கலக்குவது கட்டுப்படியாகும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கிற உரங்களில் நான்கு வேண்டும்: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் (கடையில் 13:0:45), மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34), மெக்னீசியம் சல்பேட். கால்சியம் நைட்ரேட் கேட்டால் சில சமயம் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அது சுண்ணாம்புத் தூள் கலந்த வயல் உரம், கரையாது. பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஐந்தாவதாக நுண்ணூட்டக் கலவை, இதை மட்டும் ஹைட்ரோபோனிக்ஸுக்கென்று விற்கிற பாக்கெட்டாக வாங்குவது நல்லது, அதில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று அளவு போட்டிருக்கும்.

0.1 கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு தேவை. கீரைக்கான அளவு இது. ஏ பாட்டில்: ஒரு லிட்டர் தண்ணீரில் கால்சியம் நைட்ரேட் 60 கிராம். பி பாட்டில்: ஒரு லிட்டர் தண்ணீரில் 13:0:45 உரம் 30 கிராம், 0:52:34 உரம் 15 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், இதோடு நுண்ணூட்டக் கலவை 100 லிட்டருக்கான அளவு. இரண்டு பாட்டிலும் சேர்ந்து 100 லிட்டர் கரைசலுக்கு வரும்.

ஏன் இரண்டு பாட்டில்? கெட்டியான நிலையில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சமாகிக் கீழே படிந்துவிடும், பாஸ்பேட்டோடு சேர்ந்தாலும் அப்படித்தான். அப்புறம் அது செடிக்குக் கிடைக்காது. அதனால் வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பி, ஏ பாட்டிலிலிருந்து லிட்டருக்கு 10 மில்லி ஊற்றிக் கலக்கி, அதற்கப்புறம் பி பாட்டிலிலிருந்து அதே 10 மில்லி. 20 லிட்டர் வாளிக்கு ஒவ்வொன்றிலும் 200 மில்லி. நாற்று சின்னதாக இருக்கும்போது பாதி அளவு போதும்.

கலந்த பிறகு அளக்க வேண்டியது ஈசி, அதாவது கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது. உப்பு கூடினால் கடத்தல் கூடும், அவ்வளவுதான் விஷயம். (அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பயப்படக் கூடாது.) மேலே சொன்ன முழு அளவு ஏறக்குறைய 1.3 ஈசி கொடுக்கும். டிடிஎஸ் பேனா மட்டும் வைத்திருந்தால், மலிவான பேனாக்களில் பெரும்பாலும் ஈசி 1.0 என்பதை 500 என்று காட்டும், அந்தக் கணக்கில் 1.3 என்பது 650. உங்கள் வெறும் தண்ணீர் 200 காட்டியிருந்தால் கலந்த பிறகு 850 காட்ட வேண்டும். சில பேனாக்கள் 700 கணக்கில் ஓடும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் நைட்ரேட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கரைந்துபோகும், காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் தீயைத் தூண்டக்கூடியது, அடுப்பங்கரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எல்லாமே வெள்ளை உப்பு மாதிரி இருப்பதால் டப்பா மேல் பெரிதாகப் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

பிஎச்

5.5-லிருந்து 6.5 வரை. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற சொட்டு மருந்துக் கிட் ஆரம்பத்துக்குப் போதும், பேனா வாங்கினால் அதை 4.0, 7.0 கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் அது சொல்வது பொய்.

உரம் கலந்த பிறகுதான் பிஎச் பார்க்க வேண்டும், ஏனென்றால் உரமே கொஞ்சம் இறக்கிவிடும். இன்னும் அதிகமாக இருந்தால் பாஸ்பாரிக் அமிலத்தை நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, எப்போதும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் பிஎச் இறங்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும், வாளியும் கொழகொழக்கும்.

என்ன விதைப்பது

லெட்யூஸ் நம் சமையலில் எதற்கு? ஆசைக்கு மார்கழியில் ஒரு கிண்ணம் வைத்துப் பாருங்கள். முதல் வாளிக்கு நான் சொல்வது வள்ளைக்கீரை. தண்ணீரிலேயே வளரும் ஜாதி, சூட்டைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆரம்பிக்கிறவரின் கைத்தவறுகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளும். கொடிப்பசலையும் பொன்னாங்கண்ணியும் கிட்டத்தட்ட அதே சுபாவம், இவற்றுக்கு விதைகூட வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டாக நான்கு எடுத்து வெறும் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். புதினாவும் அப்படித்தான். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் இவை போதும்.

கொத்தமல்லி, பாலக், வெந்தயக்கீரை எல்லாம் தீபாவளிக்கு அப்புறம். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, ஸ்பாஞ்சுக்கு ஐந்தாறு விதை போடுங்கள். முளைக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள். அரைக்கீரை, சிறுகீரை விதை தூள் மாதிரி இருக்கும், ஒரு சிட்டிகை போட்டு முளைத்ததும் நாலைந்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். முளைக்கும் வரை வெறும் தண்ணீர் போதும், நிழலில் ஒரு தட்டில் வைத்து மூடுங்கள். முளை விட்ட அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நூல் மாதிரி நீண்டு சாயும்.

நட்ட பிறகு

மூன்று நான்கு இலை வந்து, ஸ்பாஞ்சுக்குக் கீழே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்போது வலைக்கிண்ணத்துக்கு மாற்றுங்கள். முதலில் பாதி அளவு உரம், சுமார் பத்து நாள் கழித்து முழு அளவு.

அப்புறம் வேலை அதிகமில்லை. வாரம் இரண்டு முறை மூடியைத் தூக்கிப் பார்த்தால் போதும். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் பாதி வரைக்கும் நிரப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். பழைய மட்டத்துக்கே நிரப்பிவிட்டால், காற்றில் மூச்சு விட்டுப் பழகிய மேல் வேர் மூழ்கி அழுகும். கிராட்கி முறையில் நல்லது செய்வதாக நினைத்து வாளியை முழுக்க நிரப்பிச் செடியைக் கொல்வது சர்வ சாதாரணம். நிரப்பும்போது ஈசி ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் (வெயில் காலத்தில் செடி உரத்தை விடத் தண்ணீரை அதிகம் குடிக்கும்), இறங்கியிருந்தால் பாதி அளவு கரைசல்.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சுத்தமான, தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், நம் வாளி அதற்கு அரண்மனை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கிண்ணத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே சந்து இருந்தால் ஸ்பாஞ்சு வைத்து அடைக்க வேண்டும், செடி இல்லாத ஓட்டையை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வாளிக்குள் மழை இறங்கினால் உரம் நீர்த்துப்போய் மட்டமும் ஏறிவிடும், அந்த நாட்களில் வளவுக்குள் இழுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஆச்சி இருந்தால் கட்டாயம் கேட்பார்கள், "இது பூரா மருந்துத் தண்ணிதானே, இதையா திங்கச் சொல்றே?" என்று. மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: இது இயற்கை விவசாயம் இல்லை, ரசாயன உரம்தான், ஆனால் பூச்சிக்கொல்லி இல்லை, சாக்கடைத் தண்ணீர் இல்லை, எதைப் போட்டோம், எவ்வளவு போட்டோம் என்பது கிராம் கணக்கில் நமக்குத் தெரியும். அப்படியானால் பஞ்சகவ்யம் ஊற்றலாமே என்று கேட்டால், இந்த வாளியில் கூடாது. அது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். மண் தொட்டிக்கு ஊற்றிக்கொள்ளட்டும்.

செடி என்ன சொல்கிறது

அடி இலை முழுவதும் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, உரம் தீர்ந்திருக்கும். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு, இதற்கு இரும்பை அள்ளிப் போடாமல் முதலில் பிஎச் பாருங்கள். நுண்ணூட்டக் கலவையில் பெரும்பாலும் இருக்கும் ஈடிடிஏ இரும்பு (ஈடிடிஏ என்கிற பொருளோடு பிணைத்த இரும்பு), பிஎச் 6.5-ஐத் தாண்டினால் செடிக்குக் கிடைக்காது. அடி இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம். புது இலையின் ஓரம் கருகினால் கால்சியம் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் வெயிலும் புழுக்கமும் காரணம், இரண்டு நாள் நிழலில் வைத்துப் பாருங்கள்.

வேர் வெள்ளையாக இருந்தால் கவலை இல்லை. பழுப்பாகி, வழவழத்து, நாற்றம் அடித்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். பிடுங்கிப் போட்டு, வாளியை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, காயவைத்து, இன்னும் நிழலான இடத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் தெளிப்பு. மூடி மேல் துணி போட்டுவிட்டு அடியுங்கள், எண்ணெய் உரத்தண்ணீரில் இறங்கக் கூடாது.

வாளி பழகிய பிறகு

இரண்டு மூன்று அறுவடை பார்த்ததும் கை பரபரக்கும். அப்போது மீன் தொட்டிக் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வாளிக்குள் குமிழி விட்டுப் பாருங்கள், வளர்ச்சி வேகமாகும், கோடையிலும் கொஞ்சம் தாங்கும். மின்சாரம் ரொம்பக் கம்மிதான், இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு இது பற்றாது, அவற்றுக்கு நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய வாளியில் தினமும் சொட்டுச் சொட்டாக உரத்தண்ணீர் விடுகிற முறை சரி, ஈசி 2.0-க்கு மேல் வேண்டும், பொட்டாஷும் கூட்ட வேண்டும். அது தனிப் பாடம்.

பைப் முறையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் சொல்லிவிட்டேன். கட்டாயம் வேண்டும் என்றால் மாடியில் போடாமல் முற்றத்து நிழலில் போடுங்கள், உரத்தொட்டியைத் தரையில் பாதி புதைத்துவிடுங்கள், மோட்டாருக்கு இன்வெர்ட்டர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு பயிர் முடிந்ததும் வாளியில் மிச்சமிருக்கிற கரைசலை அடுத்த பயிருக்கு வைக்க வேண்டாம், எந்தச் சத்து தீர்ந்தது, எது மிஞ்சியது என்று பேனாவுக்குத் தெரியாது. அதைத் தென்னைக்கோ வாழைக்கோ செம்பருத்திக்கோ தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள். ஊருணியிலோ கிணற்றடி வாய்க்காலிலோ கொட்டினால் அதிலிருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசியாக வளர்ந்து நிற்கும். வாளியைக் கழுவி ஒரு நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கான விதையை அன்றைக்கே ஊறப்போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கீரை இல்லாத ஒரு மாதம் நடுவில் வந்து நிற்கும்.